பதினாலு மாதப் பிறந்தநாள்

ஒரு கேள்விக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு பதில். குடிமக்கள் பதிவகம் தோன்றிய நாளிலிருந்து கட்டிக் காத்துவந்த ஒழுங்கு இது. காகிதப் பதிவேடு போய்க் கணினி வந்தபோதும் இந்த ஒழுங்கு கூடவே வந்தது. கணினிக்குள் ஒரு மாபெரும் அட்டவணை. அதில் படுக்கை வரிசை ஒவ்வொன்றும் ஒரு மனிதர். நெடுக்குப் பத்தி ஒவ்வொன்றும் அவரைப் பற்றிய ஒரு கேள்வி. பெயர் என்ன, தாய் யார், பிறந்த தேதி எது. வரிசையும் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் ஒரே ஒரு பதில். அந்தப் பதில் சரியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஒன்றாக இருக்க வேண்டும் என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

இந்த நுட்பமான வேறுபாட்டை உணராத தணிக்கைக் குழு ஒன்று வந்து, பிறந்த தேதிப் பத்தியை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தது. முப்பத்தோராயிரம் தேதிகள் பிழை என்று எழுதிக் கொடுத்தது. சிலர் தம் தாய்க்கு முன்பே பிறந்திருந்தார்கள். ஒருவர் பிப்ரவரி முப்பதாம் தேதி பிறந்து நல்ல உடல்நலத்துடன் வாழ்ந்துகொண்டிருந்தார்.

பதிவக இயக்குநர் நேர்மையானவர். பிழையை ஒழிக்காமல் தூங்குவதில்லை என்று முடிவு செய்து, அலுவலக நேரத்தில்கூட இரண்டு நாள் தூங்காமல் இருந்தார். முப்பத்தோராயிரம் பேரை வரவழைத்துத் திருத்தலாம். ஆனால் திருத்தினால் பிழை இருந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். திருத்தாமல் ஒழிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சொந்த வேலையாக வெளியே போனார். போகும்போது கையில் ஒரு வெறும் பை இருந்தது. திரும்பும்போதும் அது வெறும் பையாகவே இருந்தது. ஆனால் முகத்தில் ஒளி இருந்தது. நேராகக் கணினி அறைக்குப் போனார்.

பதிவகத்தின் கணினிகளையெல்லாம் மேய்ப்பவர் ஒருவரே. கணினிக்காரர் என்று அழைப்பார்கள். என்ன சொன்னாலும் முதலில் “முடியாது சார்” என்றும், பிறகு “முடியும் சார், ஆனா வேண்டாம்” என்றும், பிறகு “செஞ்சிட்டேன் சார்” என்றும் சொல்வது அவர் வழக்கம்.

“தம்பி, தேதி ஏன் தப்பாகுது தெரியுமா?” என்றார் இயக்குநர்.

“தப்பா எழுதறதால சார்.”

“இல்ல. ஒரே தேதியா எழுதறதால. இன்ன நாள்னு அடிச்சுச் சொன்னாத்தானே ‘அந்த நாள் இல்ல’ன்னு ஒருத்தன் வருவான்? இந்த நாள்லேர்ந்து அந்த நாள் வரைக்கும்னு எழுதிட்டா எவன் வருவான்?”

கணினிக்காரர் யோசித்தார். “அப்போ ரெண்டு பத்தி வேணும் சார். தொடக்கத்துக்கு ஒண்ணு, முடிவுக்கு ஒண்ணு.”

“ரெண்டா? படிவத்துல கட்டம் ஒண்ணுதான் இருக்கு. நாலு லட்சம் படிவம் அச்சடிச்சு வெச்சிருக்கோம். ஒரே கட்டத்துல ரெண்டையும் போடு.”

“முடியாது சார்.” சற்றுப் பொறுத்து, “முடியும் சார். இப்போ வர்ற டேட்டாபேஸ்ல வரம்புன்னே ஒரு வகை இருக்கு. ஒரே கட்டத்துல தொடக்கமும் முடிவும் போட்டுக்கலாம். ஆனா வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அது கூட்டம் நடத்த ரூம் புக் பண்ற மாதிரி விஷயத்துக்கு சார். பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ஒருத்தர், பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இன்னொருத்தர். மனுஷன் பொறக்கறது ஒரே நாள்ல தானே?”

“அது அவங்க நினைச்சுக்கறது” என்றார் இயக்குநர்.

வரம்பின் ஓரங்களை ஆராய எல்லைக் குழு அமைக்கப்பட்டது. தொடக்க நாள் வரம்பில் சேர்ந்ததா, முடிவு நாள் சேர்ந்ததா என்பதைக் குழு பதினொரு அமர்வுகளில் விவாதித்தது. தொடக்க நாள் சேரும், முடிவு நாள் சேராது என்று தீர்ப்பளித்தது. சேர்த்தால், ஒருவர் அறையைக் காலி செய்யும் மணியும் அடுத்தவர் நுழையும் மணியும் ஒன்றாகி வாசலில் இடித்துக்கொள்வார்கள் என்று காரணம் காட்டியது. பிறந்தநாளில் யார் யாரை வாசலில் இடித்துக்கொள்வார் என்று யாரும் கேட்கவில்லை. அகலம் எவ்வளவு என்பதிலும் குழு பொறுப்போடு நடந்துகொண்டது. பதிவில் உள்ள தேதிக்கு முன்னால் ஆறு மாதம், பின்னால் ஆறு மாதம். எதற்கும் இருக்கட்டும் என்று இயக்குநர் தம் கையால் இரு பக்கமும் ஒரு மாதம் சேர்த்தார். ஆக, பதினாலு மாதம்.

“செஞ்சிட்டேன் சார்” என்றார் கணினிக்காரர்.

“பழைய தேதி?”

“அதுவும் ஒரு ஓரமா இருக்கட்டுமே சார்.”

“அழிச்சிடு. தேதி இருந்தா தப்பும் இருக்கும்.”

அன்று மாலை பதிவகத்தில் பிழைகள் பூஜ்யமாயின. தாய்க்கு முன் பிறந்தவர்கள்கூடச் சற்றே நெருங்கி வந்தார்கள். மேலிடம் மகிழ்ந்து, மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை சரியாகப் பத்து மணிக்கு இயக்குநருக்கு ஒரு விருது தருவதாக அறிவித்தது.

நல்ல காரியம் அலுவலகத்தோடு நின்றுவிடுவதில்லை. நகரத்தில் வரம்பு நாகரிகமாயிற்று. ஒற்றை எண்ணைச் சொல்பவர்கள் படிப்பறிவில்லாதவர்களாகக் கருதப்பட்டார்கள். பேருந்தின் நெற்றியில் “7–12” என்று எழுதியிருந்தது. ஏறியவர்கள் இறங்கும்போது எந்த எண் பேருந்தில் வந்தோம் என்று தெரிந்துகொண்டார்கள். மருத்துவர்கள் காய்ச்சலை “தொண்ணூத்தெட்டுலேர்ந்து நூத்திநாலு” என்று எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து போதுமானதாக இருந்தது. ஓர் இளைஞன் தன் காதலியிடம், “உன்னை நாப்பதுலேர்ந்து தொண்ணூறு சதவீதம் வரைக்கும் காதலிக்கிறேன்” என்றான். அவள் அதை அவனுடைய முதிர்ச்சி என்று எண்ணி நெகிழ்ந்தாள். எத்தனை சதவீதப் பேர் வரம்பை ஆதரிக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகை கணக்கெடுத்தது. பூஜ்யம் முதல் நூறு வரை என்று தெரியவந்தது. மகத்தான ஆதரவு.

இவ்வளவு சிறப்பான ஏற்பாட்டில் இடறி விழுந்தது ஒரு தையல்காரரின் குடும்பம்.

கடைத்தெருவின் கடைசியில் அவர் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, பின்னால் துணிப்பைகளின் மலை. வாடிக்கையாளரை அவர் பெயரால் அறியமாட்டார். கொடுத்த துணியால் அறிவார். பச்சைப் பாவாடை, கட்டம் போட்ட சட்டை, சாம்பல் கோட்டு என்பவையெல்லாம் அவருக்கு மனிதர்கள். அவர் தையலில் குறை சொன்னவரும் இல்லை, சொன்ன நாளில் துணி வாங்கியவரும் இல்லை. “எப்போ கிடைக்கும்?” என்று கேட்டால் வாயில் ஒரு ஊசியைக் கவ்விக்கொள்வார். வாயில் ஊசி வைத்திருப்பவரிடம் மேற்கொண்டு பேச யாருக்கும் மனம் வராது.

அவர் மனைவிக்கு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. பட்டன் நுழையக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, நாள் கடத்தாமல் உண்மை சொல்வது ஆகிய மூன்றும் அவள் பொறுப்பு. இருவருக்கும் ஒரே மகள். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பொத்தான் என்று கூப்பிட்டார்கள். இப்போது ஐந்தரை வயது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளவள். பட்டன் டப்பாவில் எத்தனை பட்டன், தெருவில் எத்தனை நாய் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போனால் நூறுக்கு மேல் எண்ணக் கற்றுத்தருவார்கள் என்று ஒரு வருடமாகக் காத்திருக்கிறாள்.

ஜூன் முதல் தேதி, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்கு முந்தைய வியாழன் மாலை ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு. அடுத்த ஆண்டு வயது கூடிப்போய் முதல் வகுப்புக்கு ஆகாது.

முடிவதற்கு முந்தைய வாரம் தாயும் மகளும் தலைமையாசிரியையின் முன் உட்கார்ந்தார்கள்.

“விதி ரொம்ப எளிமைம்மா” என்றார் தலைமையாசிரியை. “பள்ளி திறக்கிற அன்னைக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், ஆறு முடிஞ்சிருக்கக் கூடாது.”

“இவளுக்கு அஞ்சரைங்க. நட்ட நடுவுல இருக்கா.”

“நீங்க சொல்றீங்க. சான்றிதழ் என்ன சொல்லுதுன்னு பாருங்க. மே ரெண்டாம் தேதிலேர்ந்து அடுத்த வருஷம் ஜூலை ரெண்டாம் தேதி வரைக்கும் பொறந்திருக்கா. எங்க விதி ஜூன்லேர்ந்து ஜூன். அந்தப் பக்கம் ஒரு மாசம் துருத்திக்கிட்டு நிக்குது, இந்தப் பக்கம் ஒரு மாசம் துருத்திக்கிட்டு நிக்குது.”

“பதினாலு மாசம் எப்படிங்க ஒரு பிள்ளையைப் பெத்துக்கிட்டே இருக்க முடியும்?”

“அது உங்க குடும்ப விஷயம்மா, நான் தலையிடக் கூடாது. எங்க கணினி ஒரே கேள்விதான் கேக்கும். பிள்ளையோட வரம்பு பள்ளியோட வரம்புக்குள்ள முழுசா அடங்குதா? தொட்டுக்கிட்டு இருந்தா போதாது. அடங்கணும்.”

தாய்க்குக் கணக்கு சட்டென்று புரிந்தது. துணியோடு பழகியவள் அல்லவா. “ஏங்க, எல்லாருக்கும் பதினாலு மாசம். உங்க பெட்டி பன்னெண்டு மாசம். பதினாலு இஞ்ச் துணியைப் பன்னெண்டு இஞ்ச் பெட்டிக்குள்ள மடிக்காம வைக்கணும்னா எந்தப் பிள்ளைதான் அடங்கும்?”

“எந்தப் பிள்ளையும் அடங்கல” என்று தலைமையாசிரியை பெருமையோடு ஒப்புக்கொண்டார். “விதியை இவ்வளவு கறாரா எந்த வருஷமும் கடைப்பிடிச்சதில்ல.”

“அப்போ முதல் வகுப்புல யாருமே இல்லையா?”

“யார் சொன்னா? மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் முதல் நாப்பது. அறிக்கையே அனுப்பிட்டோம்.”

பொத்தான் எட்டி, திறந்திருந்த வகுப்பறையைப் பார்த்தாள். “பூஜ்யம்மா” என்றாள்.

பதிவகத்தில் திருத்தப் பிரிவு ஏழாவது ஜன்னலில் இருந்தது. அதற்குள் இருந்தவரை ஊழியர்கள் வாய்தா என்று அழைத்தார்கள். வெள்ளிக்கிழமை தையல்காரரும் வந்திருந்தார். கடையில் இருந்தால் நாள் கேட்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

“பொறந்த நாளைச் சுருக்கணுமா? தாராளமா சுருக்கலாம்” என்றார் வாய்தா. “சரியான தேதிக்கு ஆதாரம் குடுங்க.”

“என்ன ஆதாரம்?”

“பிறப்புச் சான்றிதழ்.”

“அதுலதான் பதினாலு மாசம் இருக்கே!”

“அப்போ அதுதான் ஆதாரம்.”

மனைவி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். “ஐயா, பெத்தவ நான். டிசம்பர் ரெண்டாம் தேதி. காலைல ஆறே காலுக்கு.”

“ஆறே கால்னா எத்தனை நொடி?”

“நொடியா? அந்த நேரத்துல நொடியைப் பாத்துக்கிட்டா இருப்பாங்க?”

“பாத்தீங்களா. ஆறு பதினஞ்சுலேர்ந்து ஆறு பதினாறு வரைக்கும்னு நீங்களும் ஒரு வரம்பைத்தான் சொல்றீங்க. உங்களுது சின்னது, எங்களுது பெரிசு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

பக்கத்து மேசையில் ஏதோ கம்பியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த கணினிக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, ரெண்டு பக்கமும் ஏழு ஏழு மாசம் விட்டிருக்கோம். நட்ட நடுவுல மடிச்சா அந்தத் தேதி கிடைச்சிடும். டிசம்பர் ரெண்டு. சரியாத்தான் இருக்கு.”

“மடிக்கிறது விதிமீறல்” என்றார் வாய்தா. “நாளைக்கு ஆளாளுக்கு மடிக்க ஆரம்பிச்சா பதிவகம் என்னத்துக்கு?”

மனு வாங்கப்பட்டது, ரசீது தரப்பட்டது. “பதில் வரும் காலம்” என்ற கட்டத்தில் தொடக்கம் அன்றைய தேதி. முடிவு வெறுமையாக இருந்தது.

“இதை எழுத மறந்துட்டீங்க” என்றார் தையல்காரர்.

கணினிக்காரர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “மறக்கல ஐயா. முடிவைக் காலியா விட்டா அது எழுதாம விட்டதுன்னு அர்த்தம் இல்ல. முடிவே கிடையாதுன்னு அர்த்தம்.”

மனைவி ரசீதை மடித்தாள், விதியை மீறி நடுவிலேயே. “இயக்குநரைப் பாக்கணும்” என்றாள்.

திங்கட்கிழமை பார்க்க முடிந்தது. பொத்தானைக் கணினிக்காரரின் மேசையில் உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். இயக்குநர் விருது விழா உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். தையல்காரர் அவரைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தையல்காரர் ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால் அவர் மட்டும் சற்று எம்பினார்.

“சாம்பல் கோட்டு!” என்றார் தையல்காரர்.

“நீங்களா!” இயக்குநர் மேசையைச் சுற்றி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களைத் தேடி நானே வரணும்னு இருந்தேன். அம்மா, உங்க வீட்டுக்காரர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பத்து வருஷமாத் தெரியும்” என்றாள் மனைவி, எச்சரிக்கையோடு.

“தெரியாது. மழைக்காலத்துல துணி குடுத்தேன். நாலாவது தடவையா பையைத் தூக்கிக்கிட்டுப் போறேன். ‘எப்பய்யா தருவீங்க’ன்னு கேட்டா, ‘திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவுல சார்’ங்கறார். எனக்குக் கோபம்னா கோபம். தெருமுனை வந்ததும்தான் உறைச்சுது. இந்த மனுஷன் இதுவரைக்கும் ஒரு பொய்கூடச் சொல்லலையே! எந்தத் திங்கள்னு சொன்னாரா, எந்த வெள்ளின்னு சொன்னாரா? ஒரு நாளைச் சொன்னவன் மாட்டிக்கிட்டிருப்பான். இவர் மாட்டவே இல்ல. அப்பவே எனக்குப் பதிவகம் ஞாபகம் வந்துது.” உரைத் தாளை எடுத்துக் காட்டினார். “இங்கே பாருங்க, மூணாவது பத்தியில ‘ஓர் எளிய தொழிலாளியின் வாய்மொழியிலிருந்து’ன்னு போட்டிருக்கேன்.”

மனைவி திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். தையல்காரர் ஊசி தேடிச் சட்டைப் பையைத் தடவினார். அன்று கொண்டுவரவில்லை.

அவள் இயக்குநரிடம் திரும்பினாள். “சார், விழாவுக்கு அந்தக் கோட்டைத்தானே போடணும்?”

“ஆமாம்மா. வெள்ளிக்கிழமை. காலைல பத்து மணி.”

“பத்துன்னா, எந்தப் பத்து? ஏழு மாசம் முன்னபின்ன இருந்தாப் பரவாயில்லையா?”

இயக்குநரின் முகம் மாறியது. “அதெப்படிம்மா? சரியாப் பத்து. மேலிடத்துலேர்ந்து வர்றாங்க.”

“காஜாவும் அப்படித்தான் சார். பட்டனுக்குச் சரியா இருக்கணும். பதினாலு மாசக் காஜால எந்தப் பட்டனும் நிக்காது. என் பொண்ணுக்கு ஒரு நாளைக் குடுங்க. உங்களுக்கு ஒரு கோட்டு கிடைக்கும்.”

இயக்குநர் மணியை அடித்தார். கணினிக்காரர் அழைக்கப்பட்டார். ஒற்றைத் தேதி எழுதுவது கொள்கைக்கு விரோதம். ஆனால் வரம்பு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதில் இயக்குநருக்குத் தனி அதிகாரம் உண்டு. ஒரு நாளில் தொடங்கி அதே நாளில் முடிகிற வரம்பு ஒன்றைச் சிறப்பு நிகழ்வாக அனுமதிக்கலாம் என்று முடிவாயிற்று. ஆணை தட்டச்சு செய்யப்பட்டது. கையெழுத்து, வியாழக்கிழமை கோட்டு வந்ததும்.

“வியாழன்னா...” என்று ஆரம்பித்தார் தையல்காரர்.

“வியாழன் சார்” என்றாள் மனைவி. “நாலு மணி.”

கடைக்கு வந்து துணிமலையைத் தோண்டினார்கள். சாம்பல் துணி அடிவாரத்தில், வெட்டாமல், கட்டிக்கொடுத்த முடிச்சோடு இருந்தது.

“வெட்டக்கூட இல்ல” என்றாள் மனைவி. “நாலு தடவை வந்திருக்கார் பாவம்.”

“அதான் சொன்னேனே, நடுவுலன்னு.”

“பேசாதீங்க. உங்க வாய்தான் ஊரையே பதினாலு மாசம் ஆக்கிடுச்சு. வெட்டுங்க.”

அவர் வெட்டினார். அவள் முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பச்சைப் பாவாடை வந்தாள். “அடுத்த மாசம்” என்று பதில் கிடைத்தது. அடுத்த மாதம் என்று ஒரு மாதத்தைக் குறிப்பாகச் சொன்னது அவளை அதிர்ச்சிக்குள்ளாக்கியது. புதன்கிழமை கைகள் ஏறின. வியாழன் பகலில் காலர் உட்கார்ந்தது. மூன்று மணிக்கு மனைவி கடைசிக் காஜாவை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். தையல்காரர் தம் வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்ன நாளில் ஒரு துணியை முடித்திருந்தார். அவருக்கே சற்று உடம்பு சரியில்லாதது போல் இருந்தது.

நாலு மணிக்கு இயக்குநர் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். தோள் தோளில் இருந்தது. பட்டன் காஜாவில் இருந்தது. கண் கலங்க ஆணையில் கையெழுத்திட்டார். கணினிக்காரர் பொத்தானைத் தம் மேசையில் உட்காரவைத்துக்கொண்டு அவளுடைய வரிசையைத் திறந்தார்.

“தொடக்கம் டிசம்பர் ரெண்டு. முடிவு...” அவர் விரல்கள் நின்றன. “சார், முடிவு நாள் சேராதுன்னு நம்ம விதி. அதனால முடிவுல டிசம்பர் மூணு போடணும். அப்போத்தான் ரெண்டாம் தேதி உள்ள இருக்கும்.”

“மூணாம் தேதி இந்தப் பிள்ளை பொறந்துதா?”

“இல்ல சார், ஆனா...”

“அம்மா, மூணாம் தேதி பொறந்துதா?”

“ரெண்டு” என்றாள் மனைவி. “ஆறே கால்.”

“பொறக்காத நாளை என் கையெழுத்துக்குக் கீழ எழுதச் சொல்றியா? பொய்ப்பதிவு! ஆணையில என்ன இருக்கு? அதே நாள்லேர்ந்து அதே நாள் வரை. அப்படியே போடு.”

“முடியாது சார்” என்றார் கணினிக்காரர். பிறகு, “முடியும் சார், ஆனா வேண்டாம்” என்றார். கடிகாரம் நாலரை காட்டியது. “செஞ்சிட்டேன் சார்.”

கணினி ஒரு கணம் யோசித்தது. டிசம்பர் இரண்டில் தொடங்க வேண்டும். டிசம்பர் இரண்டு சேரக் கூடாது. அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தது. பிறகு பொத்தானின் பிறந்த தேதிக் கட்டத்தில், வாழ்க்கையில் முதல் முறையாக உறுதியோடு, ஒரே ஒரு சொல்லை எழுதியது: காலி.

“காலின்னா?” என்றார் தையல்காரர்.

“எந்த நாள்லயும் பொறக்கல ஐயா.”

மனைவி மகளை மேசையிலிருந்து இறக்கினாள், அச்சான சான்றிதழைப் பிடுங்கினாள், நடந்தாள். திட்டுவதற்காவது ஐந்து மணிக்குள் பள்ளிக்குப் போய்விட வேண்டும் என்று அவள் நடையில் தெரிந்தது. தையல்காரர் பின்னால் ஓடினார்.

நாலு ஐம்பத்தெட்டுக்குத் தலைமையாசிரியை சான்றிதழைக் கணினியில் ஏற்றினார். பிள்ளையின் வரம்பு பள்ளியின் வரம்புக்குள் முழுதாக அடங்குகிறதா என்று அது வழக்கம்போல் கேட்டுக்கொண்டது. பிள்ளையின் நாட்களில் பள்ளியின் வரம்புக்கு வெளியே ஒன்றாவது துருத்துகிறதா? துருத்த நாளே இல்லை. ஆகவே துருத்தவில்லை. ஆகவே அடங்குகிறது.

“அடங்குது!” என்று கத்தினார் தலைமையாசிரியை. “அம்மா, அடங்குது! உங்க பொண்ணு எந்த நாள்லயும் பொறக்காததால எந்த விதியையும் மீறல. இந்த வருஷத்தோட முதல் மாணவி!”

மனைவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “இவ பொறந்தது...” என்று தொடங்கினாள்.

“சொல்லாதீங்க” என்று அவள் வாயைப் பொத்தினார் தலைமையாசிரியை. “கெடுத்துடாதீங்க.”

சேதி காற்றாய்ப் பரவியது. ஒரு பிள்ளையோடு வகுப்பு நடத்த முடியாதென்று மேலிடம் சேர்க்கையை நீட்டித்தது. நீட்டிப்பின் முடிவு நாள் வழக்கம்போல் வெறுமையாக விடப்பட்டிருந்தது. ஏழாவது ஜன்னல் காலிப் பிரிவாயிற்று. ஒரே வாரத்தில் முப்பத்தொன்பது பிள்ளைகள் பிறக்காமல் போய் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள். காலியானவர் எல்லா விதிக்குள்ளும் அடங்குவார் என்று பெரியவர்களும் கண்டுகொண்டார்கள். ஒருவர் காலையில் முதியோர் இருக்கையில் உட்கார்ந்து போய், மாலையில் இளையோர் ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொண்டார். இயக்குநர் தம் வரிசையைத் தாமே காலி செய்துகொண்டார். ஓய்வு பெறும் வயதை அவர் இனி அடைய முடியாது. வாய்தா வரிசையில் நின்று, தம் ஜன்னலுக்குத் தாமே மனு எழுதினார்.

அடுத்த தணிக்கைக் குழு வந்தபோது பிறந்த தேதிப் பத்தி மேலிருந்து கீழ் வரை ஒரே சொல்லாக இருந்தது. ஒரு கட்டத்தில் ஒரு பதில். பிழை ஒன்றுகூட இல்லை. பதிவகத்தின் ஆதி ஒழுங்கு மீண்டுவிட்டதாகக் குழு பாராட்டியது. இரண்டாவது விருது அறிவிக்கப்பட்டது. இயக்குநர் நீலத் துணியோடும் ஒரு வெறும் பையோடும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

கடையில் அவருக்கு முன்னால் கூட்டம். நாற்பது பிள்ளைகளுக்கும் சீருடை தைக்கும் வேலை அந்தக் கடைக்கே வந்திருந்தது. துணிமலை கூரையைத் தொட்டது. மனைவி முக்காலியில் உட்கார்ந்து ஒரு சின்னச் சட்டையின் காலருக்கு உள்பக்கம் எதையோ சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் “டிசம்பர் 2” என்று படிக்கலாம். அந்தச் சட்டைக்கு இன்னும் கை வைக்கவில்லை. காலர் மட்டும்தான் தயார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பொத்தான் வெட்டுமேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, என் யூனிஃபார்ம் எப்பப்பா?”

“இதோ கண்ணு. திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவுல.”

பொத்தான் தலையாட்டினாள். கணினிக்காரரின் மேசையில் உட்கார்ந்திருந்த நேரத்தை அவள் வீணாக்கியிருக்கவில்லை.

“வெள்ளி சேருமாப்பா, சேராதா?”

இயக்குநர் பையை மடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். பச்சைப் பாவாடை காத்திருந்தாள். மனைவி தைப்பதை நிறுத்தித் தலை நிமிர்ந்தாள்.

தையல்காரர் வாயில் ஊசி இருந்தது.